செராவு ஆறு உள்ள புத்தகம்

அந்த அக்கா எங்கள் அச்சகத்துக்கு முதலில் வந்தது ஓர் இருமல் மருந்துப் புட்டியோடு. புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். ஒரு கரண்டி, தினம் மூன்று வேளை என்று படித்தேன். "கடைக்காரன் ரெண்டு வேளைன்னான். வாய்ல சொல்றதுதானே, மாறிப் போச்சு பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முனிசிபல் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் தீப்பெட்டி. தீப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொன்ன ஒரே ஆள் என் வாழ்க்கையில் அவர்தான்.

நான் அப்போது காஜா பெராங் சாலையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். தமிழும் இங்கிலீஷும் கோப்பேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கடிதம், கிழிந்த புத்தகங்களுக்குத் தையல், இவைதான் வேலை. அக்கா டவுனுக்குள் ஒரு டாக்டர் நடத்திய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் ஆயா. எங்கள் அச்சகத்துக்குப் பின்னால் கம்போங் செட்டி என்கிற குடியிருப்பில், தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்து மலாய் பேசிப்போன செட்டிகளில் ஓர் அம்மாவின் வீட்டில் பின்கட்டு அறையில் குடியிருந்தார். படிப்பு கிடையாது. ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார்.

"அக்கா, படிச்சுச் சொல்றதும் ஒரு வாய்தானே. நான் மாத்திச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"நீ ஒன் பேச்சையா பேசற? அது சொல்றதைத்தானே சொல்ற" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அதுவுமில்லாம, நீ படிச்சதை எல்லாம் நான் ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்ட இன்னொரு தடவ படிக்கச் சொல்லிருவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் அதை ஒளிக்கவும் இல்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்று கடலோரப் பாடாங் திடலில் அறிவித்த நாளன்று கடையை அடைத்துவிட்டு நாங்களும் போயிருந்தோம். தேதியைச் சொன்னதும் திடல் முழுக்க ஒரே கூச்சல். நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அக்கா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

"கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு. நாளைக்குப் பேப்பர்ல வரட்டும்."

மறுநாள் காலையில் பேப்பரோடு வந்தார். படித்தேன். அதை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் ஒரு தூக்குச் சட்டி நிறையக் கேசரி கொண்டுவந்து, நேற்றே கத்தித் தீர்த்துவிட்ட எங்களுக்கெல்லாம் அள்ளி வைத்தார். அன்றைக்குத்தான் அவருக்குச் சுதந்திரம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

இந்தக் குணத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே ஆஸ்பத்திரியில் நடந்த இன்னொன்றும் உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சீட்டுத் தொங்கும். என்ன மருந்து, என்ன சாப்பாடு என்று அதில் எழுதியிருக்கும். ஒரு கிழவரின் சீட்டில் உப்பு கூடாது என்றிருந்தது. நர்சம்மா படித்துச் சொன்னதிலிருந்து மூன்று நாள் அக்கா அவருக்கு உப்பில்லாக் கஞ்சியே கொடுத்தார். கிழவர் கெஞ்சியிருக்கிறார், திட்டியிருக்கிறார், கடைசியில் அழுதும் இருக்கிறார். அக்கா மசியவில்லை. நாலாம் நாள் பார்த்தால், பக்கத்துக் கட்டில் சீட்டு மாறித் தொங்கியிருக்கிறது. டாக்டர் சத்தம் போட்டாராம். அக்கா என்னிடம் வந்து, "சீட்டு மாறினா நான் என்ன தம்பி பண்ணுவேன்? அந்தத் தாத்தா வாயால சொன்னாரு. வாயாலதானே சொன்னாரு" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு லேசாகப் பயம் வந்தது.

அவர் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. காஜா பெராங்கில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு லாரி வந்து எங்கள் சாலை முனையில் நின்றது. தூரத்துப் பகாங் மாநிலக் காட்டில் மரம் வெட்டும் வேலை, மூன்றே மாதம், அரிசி தருவோம் என்றார்கள். இங்கிருந்தும் தெங்கேராவிலிருந்தும் புக்கிட் காதில் பக்கமிருந்தும் இருபது பேருக்கு மேல் ஏறினார்கள். அவர்களில் அக்காவின் கணவரும் ஒருவர். சண்டை முடிந்து திரும்பி வந்தது மூன்று பேர். செராவு என்கிற ஆற்றங்கரையில் முகாம் இருந்தது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அதற்குமேல் ஆளுக்கொரு கதை. ஒருவர், உன் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், நான்தான் குழி வெட்டினேன் என்றார். இன்னொருவர், இல்லை, அவன் தப்பி ஓடினான், காட்டு மக்களோடு எங்கேயோ உயிரோடு இருப்பான் என்றார். மூன்றாமவருக்கு அப்படி ஓர் ஆள் இருந்ததே நினைவில்லை. அவருக்கு அப்போது தன் பெயரே சரியாக நினைவில்லை.

மூன்று வாயில் எந்த வாயை நம்புவது? அக்கா எதையும் நம்பவில்லை. எழுத்தில் வரட்டும் என்று காத்திருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ. கோயிலில் சில பெண்கள் அவர் காதுபடவே பேசினார்கள். பூவைக் கிள்ளித் தரும்போது ஒருத்தி மட்டும் எப்போதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள் என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

செட்டி அம்மாவின் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் பார்ச்சு வைப்பார்கள். குடும்பத்தில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பது. ஆட்டுக்கறி, மீன், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு. அந்த அம்மாவுக்குத் தமிழில் சாமி, கோயில், பொட்டு என்று பத்துச் சொல்தான் வரும். மற்றதெல்லாம் மலாய். ஒவ்வொரு வருஷமும் அக்காவைக் கூப்பிட்டு, உன் புருஷனுக்கும் ஓர் இலை போடட்டுமா என்று கேட்பார். "காசியான், டியா லாப்பார்" என்பார். பாவம், அவன் பசியோடு இருப்பான் என்று அர்த்தம். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"செத்திருந்தா இத்தனை வருசமா பட்டினி போட்டிருக்கேன் தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "உசுரோட இருந்தா, எலை போட்டு நானே கொன்னதா ஆயிரும். எதைப் பண்ணச் சொல்ற?"

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

சுதந்திரத்துக்கு மறு வருஷம் அது. பகாங் பக்கம் ஒவ்வோர் இடமாக வெள்ளைப் பகுதி என்று அறிவித்துக்கொண்டு வந்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு நடந்த காட்டுச் சண்டைக்காகப் போட்ட ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் எடுத்தாயிற்று, இனிப் போய்வரலாம் என்பதுதான் அதற்குப் பொருள். பேப்பரில் வந்ததால் அக்கா அதை நம்பினார். ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பறவை பார்க்கிற கிறுக்கு. காட்டுக்குப் போகிறவர்களுக்கு எந்த ஆறு எங்கே, எங்கே தங்கலாம், எதில் போகலாம் என்று சொல்லப் புத்தகமே இருக்கிறது என்று அவர் நர்சம்மாவிடம் பேசியதை அக்கா கேட்டுவிட்டார். அன்று மத்தியானமே மூச்சிரைக்க என் முன்னால் நின்றார்.

"காட்டுக்கு வழி சொல்ற பொஸ்தகம் இருக்காம்ல தம்பி. நீ சொல்லவே இல்லையே!"

டவுனில் ஒரு பாபா, மலாய் பேசும் சீனர், பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அங்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாபா மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அக்கா ஒவ்வொன்றையும் பின்பக்கமாகத் திறந்தார். கடைசியில் பெயர்ப் பட்டியல் இருக்கும், இங்கிலீஷில் செராவு பாம்பு மாதிரி எழுத்தில் தொடங்கும் என்று நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். பாம்பு எழுத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொன்னார். முதல் புத்தகத்தில் வண்ண வண்ணப் பறவைகள். செராவு இல்லை. "பறவ பாக்கவா நான் போறேன்" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது ஒரு வேட்டைக்காரர் எழுதியது, அவர் சுட்ட புலிகளின் படங்களோடு. அதிலும் இல்லை.

"இவரு அந்தப் பக்கம் போகலை அக்கா. அதான் எழுதலை."

"போகாதவன் எதுக்கு வழி சொல்றான்?"

பாபா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "ஆறே இல்லேன்னா, மூணு பேரும் சேந்து பொய் சொல்லியிருந்தா, அவரு எங்கதான் போனாரு தம்பி?" என்று கடை நடுவில் நின்று கேட்டார். நான் பாபாவின் முகத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது புத்தகம் கிழிந்த கேஸ். பின்னால் பெயர்ப் பட்டியலைக் கரையான் தின்றிருந்தது. நடுவில் ஆறுகளைப் பற்றி வருகிற இடத்தில் ஒரு தாள் கிழிந்துபோயிருந்தது. அக்கா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இந்தத் தாளுலதான் இருக்கும். அதான் மத்ததுல இல்ல" என்றார். மற்ற இரண்டையும் பாபாவிடம் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே மோசமான அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார். என்னிடம் கொடுத்து, "தைச்சுக் குடு. அந்தத் தாளு எங்கயாவது கெடைக்குதான்னு பாரு" என்றார்.

இரண்டு மாதம் அவர் கேட்காத நாளில்லை. வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. "கெடச்சுச்சா?" இல்லை அக்கா. "சரி, நாளைக்குப் பாரு." எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரக்கத்தைவிடச் சலிப்பு அதிகமாகியிருந்தது. அந்த மனுஷி நிம்மதியாக ஓர் இலை போட்டுவிட்டு அழுதுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன். எல்லோருக்கும் என்றால் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி இல்லாதபோது, காணாமல்போன அந்தத் தாளை நானே எழுதிக் கோத்தேன். என் இங்கிலீஷ் போதாது. அதனால் அதே புத்தகத்தில் வேறோர் ஆற்றைப் பற்றி இருந்த வாக்கியங்களையே எடுத்து மாற்றினேன். செராவு சிறிய ஆறு, படகு போகாது என்று தொடங்கினேன். போர்க்காலத்தில் அதன் கரையில் மரம் வெட்டுவோரின் முகாம் இருந்தது, பலர் காய்ச்சலில் இறந்தார்கள் என்றேன். தப்பி ஓடியவர்களில் எவரும் காட்டில் பிழைக்கவில்லை என்று ஒரு வரி. அது இரண்டாவது ஆள் சொன்ன கதையை அடைப்பதற்கு. புதைத்த இடத்தில் ஒரு பெரிய துவாலாங் மரம் நிற்கிறது, செராவு போய்ச் சேரும் பெரிய ஆற்றின் வளைவிலிருந்தே அதன் உச்சி தெரியும் என்று முடித்தேன். அந்தக் கடைசி வரிக்கு ஒரு தேவையும் இல்லை. நன்றாக இருக்கிறதே என்று எழுதினேன். அச்சடித்த தாளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நடுவில் வைத்துத் தைத்தேன். கைத்தொழிலில் எனக்குக் குறை கிடையாது. யார் பார்த்தாலும் தெரியாது.

திங்கட்கிழமை, தாள் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்சம்மாவும் அதையே படித்திருக்கிறார். சாயங்காலம் வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"தப்பி ஓடினவங்களையும் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க அக்கா."

"அவங்களையும் விடலையா." புத்தகத்தை மூடினார். பிறகு எழுந்தார். "சரி தம்பி. நான் போயி அந்த மரத்தப் பாத்துட்டு வந்துர்றேன்."

நான் எதிர்பார்க்காதது அது. "படகு போகாதுன்னு போட்டிருக்கே அக்கா" என்றேன்.

"வளைவுலேருந்து தெரியும்னும் போட்டிருக்கே" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு, ஒரு துணி மூட்டையும் புத்தகமுமாகப் புறப்பட்டுப் போனார். ஒன்பது நாளும் சாயங்காலத்தில் போய் அவர் அறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளைப் புடவையில் திரும்பி வந்தார். அந்த நெற்றியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பஸ், ரயில், அப்புறம் படகு. படகுக்காரருக்குச் செராவு என்கிற பெயர் தெரியவில்லை. பெரிய மரமா, இங்கே எல்லாமே பெரிய மரந்தான் மாக்சிக் என்று, அத்தை முறை வைத்துக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அக்கா புத்தகத்தை நீட்டியிருக்கிறார். அதே படகில் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்து மலாயில் சொல்லியிருக்கிறார். படகுக்காரர் கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு, புத்தகத்தில் இருந்தால் சரிதான் என்று ஒரு வளைவில் படகை நிறுத்தி, தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டினாராம்.

"வெள்ளையா, ஒசரமா, தனியா நிக்குது தம்பி. அப்படியே போட்டிருக்கு பாரு" என்றார். அந்தத் தண்ணீரில் பொட்டை அழித்துவிட்டு, தாலியைக் கழற்றி விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் படகுக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் பார்ச்சு அன்று செட்டி அம்மாவின் வீட்டில் ஓர் இலை கூடுதலாக விழுந்தது. ஆட்டுக்கறி, இறால் சம்பால், ஒரு சுருட்டு, ஒரு கோப்பை பால் விடாத கோப்பி. தாளைத் தேடிக் கொடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். படையல் முடிந்ததும் அந்த இலையிலிருந்து எடுத்து முதலில் எனக்குத்தான் வைத்தார் அக்கா. "சுடா மாக்கான் டியா" என்றார் செட்டி அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவன் சாப்பிட்டாயிற்று. நானும் சாப்பிட்டேன். வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அக்கா அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். அதைக் கேட்டு, செய்தது சரிதான் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், அக்கா நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் தெங்கேரா, இரண்டு பேர் புக்கிட் காதில். நான்கு பேர் நெற்றியிலும் பொட்டு இருந்தது. எல்லாரும் அந்த லாரியில் ஏறினவர்களின் மனைவிமார். அக்கா ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஒவ்வொருவர் வீடாகத் தேடிப் போயிருக்கிறார்.

அவர்களில் வயதில் சின்னவராக இருந்தவர் முன்னால் வந்தார். கல்யாணமாகி நாலு மாதத்தில் புருஷனை லாரியில் ஏற்றிவிட்டவராம். "எங்க வீட்டுக்காரரு தப்பி ஓடிட்டாருன்னு ஒருத்தர் சொன்னாருண்ணே. ராத்திரியில எந்த லாரி வர்ற சத்தம் கேட்டாலும் இன்னிக்கும் எந்திரிச்சுப் பாப்பேன். நெசமாவே அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

என் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் எழுத்துகள் இருந்தன. கீழே வைத்தேன்.

"அக்கா" என்றேன். "அந்தத் தாளை நான்தான் அடிச்சேன். நானே எழுதினது. அந்த ஆத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுல இருக்கிறது ஒண்ணுமே நெசமில்ல."

மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர்களில் சின்னவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. உப்புக் கேட்டு அழுத அந்தக் கிழவரையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"பாவம், இவங்கள்லாம் அழுவாங்கன்னு சொல்றான்" என்று அவர்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாயால சொன்னா எப்படி தம்பி? எழுத்துல இருக்கா? இருந்தா குடு. நர்சம்மாகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றேன்" என்றார்.

எழுத்துப் பெட்டி என் வலது கைப்பக்கம் இருந்தது. மை கலந்திருந்தது, தாள் வெட்டியிருந்தது. அந்தப் பக்கம் பொய் என்று நாலு வரி கோத்து, அடித்து, ஈரம் காயும் முன்னே கையில் கொடுக்க அரைமணி நேரம் போதும். அக்கா அதை நம்பியிருப்பார். அப்புறம்? அந்த வளைவு, அந்த மரம், தண்ணீரில் விட்ட தாலி, போட்ட இலை. முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. என் கை பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

அக்கா புத்தகத்தைப் பிரித்து, பெண்களுக்கும் தெரிகிற மாதிரி கோக்கும் மேஜைமேல் வைத்தார். அந்தத் தாளை அவருக்கு இப்போது பார்க்காமலே எடுக்கத் தெரிந்திருந்தது. பாம்பு எழுத்தில் விரலை ஊன்றிக்கொண்டார்.

"படி தம்பி" என்றார்.

படித்தேன். தப்பி ஓடியவர்கள் வரியையும் விடாமல் படித்தேன்.